முதல் பேக்பிளேட், முதல் விங்: கொங்கு நாட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர் எதை வாங்கலாம்?

ஸ்கூபா டைவிங்கில் ஓபன் வாட்டர் கோர்ஸ் முடித்து, அட்வான்ஸ்டும் முடித்து, அந்தமானுக்கோ புதுச்சேரிக்கோ முருடேஸ்வரத்துக்கோ போய்க் கடலுக்குள் இறங்கிவிட்டு வருகிறவர்கள் இப்போது கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கண்ணில் படுகிறார்கள். தண்ணீரில் மிதப்பைச் சரிசெய்யக் காற்றடைக்கும் வாடகை ஜாக்கெட்டைப் போட்டுப் போட்டுச் சலித்து, சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று நினைக்கும்போதுதான் அதற்குப் பதிலான பேக்பிளேட்–விங் பேச்சு வரும். கூடவே குழப்பமும் வரும். ஸ்டீலா அலுமினியமா? விங் எத்தனை கிலோ தூக்க வேண்டும்? ஹார்னஸ் ஒரே பட்டையா, பக்கிள் வைத்ததா?

இந்த விஷயத்தில் படிக்கக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி, குளிர்ந்த தண்ணீரில் தடித்த ரப்பர் சூட் (வெட்சூட்) போட்டுக்கொண்டு, சாமான்களைக் காரில் ஏற்றிக் கடற்கரை வரைக்கும் ஓட்டிப் போகிறவர்கள் எழுதியது. அவர்களுக்கு அது சரி. நம் நிலைமை வேறு. நமக்குக் கடல் பக்கத்தில் இல்லை. நாம் இறங்கும் தண்ணீர் வெதுவெதுப்பானது. சாமான் எல்லாம் விமான நிலையத் தராசில் ஏறி இறங்க வேண்டும். இந்த மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால், நம்மில் பெரும்பாலானவர்களுக்கு வரும் விடை இதுதான்: அலுமினியம் பிளேட், 13 கிலோ அளவுக்குத் தூக்கும் வட்ட வடிவ விங், வெட்டு இல்லாத ஒரே பட்டை ஹார்னஸ். யாருக்கு இது பொருந்தாது என்பதும் அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

முதலில் சாமான் என்னவென்று பார்த்துவிடலாம். முதுகில் ஒரு உலோகத் தகடு. அதன் துளைகளில் கோத்த நைலான் பட்டை தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொள்ளும். தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் காற்றடைக்கும் பை, அதுதான் விங். சிலிண்டரைக் கேம் பேண்ட் இரண்டு இறுக்கிப் பிடிக்கும். அவ்வளவே. வாடகை ஜாக்கெட்டில் காற்று விலாவைச் சுற்றி நிரம்பும். இதில் முழுக்க முதுகுப் பக்கம்தான். நம் ஊர்க் கிணறுகளில் சுரைப்புருடையை முதுகில் கட்டிக்கொண்டு நீச்சல் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். மிதப்பு முதுகில் இருந்தால் உடம்பு தானாகக் குப்புறப் படுத்து நீளமாக நிற்கும். தண்ணீருக்கடியில் நமக்கு வேண்டியதும் அந்தக் கிடைதான். கால் தாழ்ந்து தொங்கினால் மணல் கிளம்பும், பவளம் உடையும், காற்றும் சீக்கிரம் தீரும்.

இந்த அமைப்பு வட ஃபுளோரிடாவின் நீர்க்குகைகளுக்குள் போகிறவர்களுக்காக 1979ல் கிரெக் ஃபிளனகன் உருவாக்கியது. அதைச் சீர்செய்து எளிமையாக்கியவர் வில்லியம் ஹோகார்த் மெயின். ஒரே பட்டையில் கட்டும் ஹார்னஸுக்கு ஹோகார்த்தியன் என்ற பெயர் அவரால் வந்தது. குகைக்குள் எதுவும் தொங்கக்கூடாது, எதுவும் கழன்றுவிடக்கூடாது, தேவையில்லாத ஒரு பக்கிள்கூட இருக்கக்கூடாது என்ற கறார்தான் இதன் ஒவ்வொரு பாகத்திலும் தெரிகிறது. நாம் குகைக்குப் போகப்போவதில்லை என்றாலும் அந்தக் கறார் நமக்கும் நல்லதே செய்கிறது.

ஸ்டீலா, அலுமினியமா

வழக்கமான 3 மில்லிமீட்டர் ஸ்டீல் பிளேட் 2.7 கிலோ வரைக்கும் இருக்கும். அதே வடிவத்தில் அலுமினியம் என்றால் 900 கிராம். கரையில் இது வெறும் எடை வித்தியாசம். தண்ணீருக்குள் போனால் இதுவே, தாழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிக் கணக்கு. கடல்நீர் தாங்கிக்கொள்வதைக் கழித்துவிட்டால், ஸ்டீல் பிளேட் கிட்டத்தட்ட 2.3 கிலோ ஈயம் கட்டியதற்குச் சமம். அலுமினியம் அரை கிலோவுக்குக் கொஞ்சம் கூட.

இப்போது நீங்கள் கட்டும் ஈயத்தைக் கணக்கில் எடுங்கள். அந்தமானிலும் புதுச்சேரியிலும் பெரும்பாலும் கையில் தருவது 11 லிட்டர் அலுமினியம் சிலிண்டர், 200 பார் அழுத்தத்துக்குக் காற்றடைத்தது. உள்ளே இருக்கும் காற்று மட்டுமே இரண்டரை கிலோவுக்கு மேல். முழுசாக இருக்கும்போது அந்த சிலிண்டர் அரை கிலோவுக்கு மேல் தாழும். காலியானதும் இரண்டு கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். டைவ் முடியும்போது இந்த மிதப்பைச் சமாளிக்கத்தான் இடுப்பில் ஈயம் கட்டுகிறோம். மேற்கொண்டு 3 மில்லிமீட்டர் சூட்டின் மிதப்பு, ஜாக்கெட்டில் இருக்கும் பஞ்சு மெத்தையின் மிதப்பு. ஜாக்கெட் காலியாக இருந்தாலும் அரை கிலோ, ஒரு கிலோ மிதக்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

வாடகை ஜாக்கெட்டில் 4 கிலோ ஈயம் கட்டுகிற ஒருவரை வைத்துக்கொள்வோம். பேக்பிளேட்டுக்கு மாறியதும் ஜாக்கெட் மிதப்பு போய்விடுவதால் 3 கிலோ, மூன்றரை கிலோ போதும். அலுமினியம் பிளேட் போட்டால் அதிலும் அரை கிலோ குறையும். பாக்கி இரண்டரை, மூன்று கிலோ ஈயம் கட்டுவார். ஸ்டீல் போட்டால் ஒரு கிலோ கட்டினாலே போதும். இடுப்பில் கனம் இல்லாதது சுகம்தான், மறுக்கவில்லை. நெஞ்சுக்கூட்டுக்கு நேர் மேலே எடை பரவி இருப்பதால் கிடையும் நன்றாக வரும்.

அப்படியானால் ஸ்டீல்தானே என்று கேட்கலாம். இங்கேதான் விமானத் தராசு குறுக்கே வருகிறது. உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. கோவையில் ஏறி, சென்னையிலோ பெங்களூரிலோ மாறி அந்தமான் போகிறவர் பையில் மூச்சுவிடும் ரெகுலேட்டரும் ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரும் 3 கிலோ, காலில் மாட்டும் ஃபின் 2 கிலோ, சூட் 2 கிலோ, பை தன் எடையே 2, 3 கிலோ. அப்புறம் மாஸ்க், டார்ச், துணிமணி. பேக்பிளேட் செட்டில் ஹார்னஸும் பக்கிள் வகையறாவும் சேர்ந்து முக்கால் கிலோ, விங் ஒன்றரை கிலோ. அலுமினியம் என்றால் செட் மூன்றரை கிலோவில் முடியும். ஸ்டீல் என்றால் ஐந்தைத் தொடும். வீட்டிலிருந்து 2 கிலோ இரும்பைச் சுமந்துகொண்டு, கூடுதல் எடைக்குக் காசும் கட்டிப் போய் இறங்கினால், அங்கே டைவ் சென்டர் வாசலில் ஈயக்கட்டி வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்பதும் இல்லை.

இன்னொன்று இதைவிட முக்கியம். நம்மில் ஒல்லியானவர்கள், ரேஷ்கார்டு என்ற மெல்லிய நீச்சல் சட்டையும் ஷார்ட்ஸும் போட்டே இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தமான் தண்ணீர் 27, 28 டிகிரிக்கு மேல்தான், அது போதும். அப்படிப்பட்டவருக்கு ஈயமே ஒன்றரை, இரண்டு கிலோதான் தேவைப்படும். ஸ்டீல் பிளேட் மாட்டினாலே அவருக்கு எடை கூடிவிடும், அதைக் கழற்றிவிடவும் முடியாது. கூடுதல் எடைக்கு ஈடாக விங்கில் கூடுதல் காற்று வைக்க வேண்டி வரும். அந்தக் காற்று ஆழம் மாறும்போதெல்லாம் விரிந்து சுருங்கி ஆளை மேலும் கீழும் இழுக்கும். முதல் வருடத்தில் மிதப்புக் கட்டுப்பாடு கைக்கு வராமல் போவதற்குப் பெரிய காரணம் இந்தக் கூடுதல் எடை. அலுமினியம் பிளேட்டில் இந்தச் சிக்கல் வராது; எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு ஈயம் சேர்த்துக்கொள்ளலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம்.

ஸ்டீல் யாருக்கு? ராத்திரி காரை எடுத்தால் விடியும்போது புதுச்சேரி என்று போகிறவருக்கு. நல்ல உடம்புவாகு, 5 மில்லிமீட்டர் சூட், 6 கிலோவுக்கு மேல் ஈயம் கட்டுகிறவருக்கு. இந்த இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஸ்டீல் வாங்கலாம்.

உலோகமே இல்லாத துணிப் பிளேட்டும் உண்டு. மடித்து ஃபின்னுக்குள் செருகிவிடலாம், எடையும் இன்னும் குறைவு. வேலை விஷயமாகப் பறந்துகொண்டே இருந்து, இடையில் கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் டைவ் அடிப்பவருக்கு அது நல்லது. முதல் செட்டாக நான் சொல்லமாட்டேன். தகட்டின் விறைப்புதான் சிலிண்டரை ஆடாமல் நிறுத்துவது. துணியில் அந்தப் பிடி குறையும், உடம்புக் கிடையைப் பழகுகிற காலத்தில் சிலிண்டர் இப்படியும் அப்படியும் உருளுவது நல்லதல்ல.

உயரம் குறைந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் பிளேட் ஒன்றேகால் அடி நீளம் வரும். ஐந்தடிக்கு ஒட்டி இருப்பவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அதன் கீழ் விளிம்பு முதுகுத்தண்டின் அடியில் குத்தும். சில கம்பெனிகள் குட்டைப் பிளேட் தருகின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள். ஹார்னஸை எப்படி மாற்றிக் கட்டினாலும் அந்தக் குத்தல் தீராது.

பட்டறையில் அடித்துக்கொள்ளலாமா

இந்தக் கேள்வி நம் ஊரில்தான் வரும், வரவும் வேண்டும். பிளேட் என்பது லேசரில் வெட்டி, பிரஸ் பிரேக்கில் மடித்த ஒரு தகடு. அசையும் பாகம் ஒன்றும் இல்லை. கணபதியிலும் பீளமேட்டிலும் குறிச்சி சிட்கோவிலும் பம்புக்கும் டெக்ஸ்டைல் மிஷினுக்கும் இதைவிட நுணுக்கமான பாகங்கள் தினமும் வெட்டப்படுகின்றன. ஸ்டெயின்லெஸ் தகட்டுக்குச் சேலமே இருக்கிறது.

செய்துகொள்ளலாம். ஆனால் நான்கைந்து இடத்தில் கறாராக இருக்க வேண்டும். நடு மடிப்பில் வரும் இரண்டு துளைகளுக்கும் இடையே 11 அங்குலம், அதாவது 279 மில்லிமீட்டர். உலகத்தில் கிட்டத்தட்ட எந்த விங்கும் இந்த அளவுக்குத்தான் வரும். இதில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் தகடு தண்டம். அடுத்தது ஸ்டீலின் கிரேடு. கடைகளில் சாதாரணமாக இருப்பது 304. கடலுக்கு 316தான் நல்லது. அதில் 2 சதவீதத்துக்கு மேல் மாலிப்டினம் இருக்கிறது, உப்பு அரித்துக் குழி விழாமல் அதுதான் காக்கும். பார்த்தாலும் காந்தம் வைத்தாலும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மில் சர்டிபிகேட் கேளுங்கள், அல்லது மாலிப்டினம் சோதிக்கும் சொட்டு மருந்து விட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் ஓரங்கள். லேசர் வெட்டிய விளிம்பு கைக்கு வழுவழுப்பாகத் தோன்றும். ஆனால் பட்டை நுழையும் நீள்துளைகளின் உள்விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். என் தகட்டை வெட்டிக் கொடுத்த பட்டறைக்காரர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இது எந்த மிஷினுக்கு வருதுங்க?" என்றார். "முதுகுல கட்டிட்டுக் கடலுக்குள்ள போறதுக்குங்கண்ணா" என்றேன். அவர் தகட்டை எடுத்துத் தன் முதுகில் வைத்து, தோளை இரண்டு முறை உருட்டிப் பார்த்தார். பிறகு சுண்டுவிரலை ஒவ்வொரு துளைக்குள்ளும் விட்டுத் தடவினார். "அப்ப இந்த வாயெல்லாம் நாடாவ அறுக்காம இருக்கோணுமுங்களே" என்று உருளை அரமும் எமரித் தாளும் எடுத்து உட்கார்ந்தார். ஒரு துண்டு நைலான் நாடாவைத் துளையில் விட்டு முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார். நாடாவில் பிசிறு கிளம்பியது. மறுபடி தேய்த்தார். பிசிறு வராத வரைக்கும் அவர் விடவில்லை. கடலைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே இந்தப் பொருளில் எது ஆபத்து என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தத் தொழில்காரர் கை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டானது.

இவ்வளவும் ஸ்டீலுக்குச் சொன்னது. அலுமினியத்தில் நான் பட்டறைக்குப் போக மாட்டேன். கடையில் சுலபமாகக் கிடைக்கும் 6061 டி6 தகடு, கூர்மையாக மடித்தால் மடிப்பில் விரிசல் விடும். மடிய இடம்கொடுப்பது 5052 மாதிரி கிரேடு. அதைத் தேடி, மடித்து, ஆனோடைசிங் செய்து முடிப்பதற்குள் கம்பெனி பிளேட்டே வாங்கிவிடலாம். தெரிந்த பட்டறை இருந்தால் ஸ்டீல் இங்கேயே, அலுமினியம் கம்பெனி. என் கருத்து அதுதான். ஒரு கம்பெனி பிளேட்டில் இன்னொரு கம்பெனி விங்கைத் தாராளமாக மாட்டலாம். அந்த 11 அங்குலம் அதற்குத்தான்.

நாடா விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. திருப்பூரில் பைக்கு வைக்கும் இரண்டு அங்குல நாடா எந்தக் கடையிலும் கிடைக்கும். அதில் பெரும்பகுதி பாலிப்ரொப்பிலீன். மெத்தென்று இருக்கும், மடிந்துவிடும், பக்கிளில் வழுக்கும், வெயிலில் இற்றுப்போகும். ஹார்னஸுக்கு வேண்டியது விறைப்பாக நெய்த நைலான் அல்லது பாலியெஸ்டர். ஒரு முழம் நீளத்தைக் கிடையாக நீட்டிப் பிடித்தால் தொங்கிவிடாமல் ஓரளவு நிற்க வேண்டும்.

விங்: காசு போக வேண்டிய இடம்

பிளேட்டில் மிச்சம் பிடிக்கலாம். விங்கில் கூடாது. காற்றைப் பிடித்து வைக்கும் பொருள் அது ஒன்றுதான். உள்ளே யூரித்தேன் பை, வெளியே கெட்டியான நைலான் உறை, ஒட்டிய மடிப்புகள், காற்றேற்றும் இன்ஃப்ளேட்டர், காற்றை வெளியேற்றும் வால்வ். இதை உள்ளூரில் தைத்துக்கொள்வது என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. ஹால்சியான், டைவ் ரைட், எக்ஸ்டீப், ஹாலிஸ், அபெக்ஸ் என்று இந்தத் துறையில் பெயர் சொல்லும் கம்பெனிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் எது என்பது இரண்டாம் பட்சம். அளவும் வடிவமும்தான் முதலில்.

அளவைப் பற்றித்தான் அதிகத் தவறு நடக்கிறது. பெரிய விங் என்றால் பாதுகாப்பு என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியாக ஈயம் கட்டியவர் டைவ் ஆரம்பத்தில் சிலிண்டரில் உள்ள காற்றின் எடை அளவுக்குத்தான் கனமாக இருப்பார்: இரண்டரை கிலோவுக்கு மேல் கொஞ்சம். ஆழத்தில் 3 மில்லிமீட்டர் சூட் நசுங்கி இழக்கும் மிதப்பு ஒன்றரை, இரண்டு கிலோ. இரண்டும் சேர்ந்து நாலரை கிலோ. விங்குக்கு இன்னொரு வேலையும் உண்டு: நீங்கள் கழற்றிவிட்ட பிறகு மொத்தச் செட்டும் தண்ணீர் மேல் மிதக்க வேண்டும். ஸ்டீல் பிளேட், நிறைந்த சிலிண்டர், ரெகுலேட்டர், கேம் பேண்டில் வைத்த 2 கிலோ ஈயம் எல்லாம் சேர்ந்தாலும் 6, 7 கிலோதான் வரும். அலுமினியம் என்றால் இன்னும் குறைவு. ஆக, கம்பெனிகள் 30 பவுண்டு என்று விற்கும் 13 கிலோ விங் இரண்டு மடங்கு கையிருப்போடு இருக்கிறது. 20 பவுண்டு விங்கே வெதுநீருக்குப் போதும். என்றாலும் என்றைக்காவது 5 மில்லிமீட்டர் சூட் போட நேரும், அலை அடிக்கும் நாளில் மேலே கொஞ்சம் உயரமாக மிதக்க ஆசையாக இருக்கும். அதனால் 13 கிலோ.

சரி, 18 கிலோ, 20 கிலோ வாங்கினால் என்ன கெட்டுவிடும்? ஒற்றைச் சிலிண்டரில் அந்த அகலமான பை இருபுறமும் மேலெழும்பி சிலிண்டரைச் சுற்றி மடிந்துகொள்ளும். மடிப்புக்குள் மாட்டிய காற்று வால்வ் பக்கம் வராது. மேலே வருமுன் 5 மீட்டரில் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தில் காற்றை விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மேலே போய்க்கொண்டிருப்பீர்கள். நீந்தும்போது தண்ணீர் இழுவையும் கூடும்.

"நாளைக்கு இரட்டைச் சிலிண்டர் போடுவேன், இப்போதே பெரிதாக வாங்கிவிடலாம்" என்பவர்களும் உண்டு. வேண்டாம். பேக்பிளேட்டின் பெரிய நன்மையே பாகம் பாகமாக மாற்றலாம் என்பதுதான். அந்த நாள் வரும்போது பிளேட்டும் ஹார்னஸும் அப்படியே இருக்கும், விங்கை மட்டும் மாற்றுவீர்கள்.

வடிவம் இரண்டு. முழு வட்டம் ஒன்று, கீழே திறந்த லாட வடிவம் ஒன்று. வட்டத்தில் காற்று கீழ்வழியாகவும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடும். லாடத்தில் ஒரு காலில் மாட்டிய காற்றை வெளியேற்ற உடம்பைச் சாய்த்து மேல்வழியாகக் கொண்டுவர வேண்டும். பழகியவருக்கு அது பெரிய விஷயமில்லை; முதல் விங்குக்கு வட்டம்.

வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: உள்பையைத் தனியாக மாற்ற முடியுமா, இன்ஃப்ளேட்டர் பாகங்கள் இந்தியாவில் கிடைக்குமா? நமக்குப் பக்கத்தில் ரிப்பேருக்கு ஆள் கிடையாது. சென்னைக்கோ புதுச்சேரிக்கோ கூரியர் அனுப்ப வேண்டும். ஜிப் திறந்து உள்பையை எடுக்கிற மாதிரி உள்ள விங், ஒரே தோலாக ஒட்டிய மெலிந்த விங்கைவிடக் கொஞ்சம் கனம்தான். ஆனாலும் பவளக்கல் குத்தி ஓட்டை விழுந்தால் பையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சிலிண்டரை மாட்டத் தனியாக ஒரு அடாப்டர் விற்பார்கள். விங்கிலேயே கேம் பேண்ட் நுழையும் துளையும் சிலிண்டர் உருளாமல் தாங்கும் பட்டியும் இருந்தால் அது தேவையில்லை. அரை கிலோ மிச்சம்.

ஹார்னஸ்

ஒரே பட்டையா, தோளில் பக்கிள் வைத்ததா என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரே பட்டை விலை குறைவு, உடைய எதுவும் இல்லை, வருடக்கணக்கில் உழைக்கும். பக்கிள் வைத்தது கழற்ற லேசு. தோள்பட்டையில் பழைய அடி இருப்பவர், கையைப் பின்னால் மடக்க முடியாதவர், சின்னப் படகில் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு ஏற வேண்டியவர் பக்கிள் பக்கம் போகலாம், அதில் குறையே இல்லை. கணவன் மனைவி இருவரும் ஒரே செட்டை மாற்றி மாற்றிப் போடுவதாக இருந்தாலும் அதுவே வசதி. ஒரே பட்டை ஒருவர் உடம்புக்குக் கட்டியது, அடுத்தவருக்கு மாற்ற அரைமணி நேரம் ஆகும்.

மற்றவர்களுக்கு ஒரே பட்டை. "கழற்றவே முடியவில்லை" என்று இதைக் குறை சொல்கிறவர்களின் ஹார்னஸைப் பார்த்தால், கிட்டத்தட்ட எப்போதும், தோள்பட்டை அளவுக்கு மீறி இறுகியிருக்கும். ஜாக்கெட்டை இறுக்கிப் பழகிய பழக்கம் அது. நிமிர்ந்து நின்று போட்டுக்கொண்டால் தோள் பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவே உள்ளங்கையைக் குறுக்காக நுழைக்க முடிய வேண்டும். பிளேட்டின் மேல் விளிம்பு கழுத்தடி எலும்புக்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும். கையைப் பின்னால் வளைத்தால் விரல் நுனியில் அது தட்டுப்பட்டால் சரி. செட்டைப் பிடித்து நிறுத்துவது தோள் அல்ல, இடுப்புப் பட்டையும் காலிடுக்குப் பட்டையும். காலிடுக்குப் பட்டை நிமிர்ந்தால் வெட்டாமல், குனிந்தால் தொங்காமல் இருக்க வேண்டும். நெஞ்சில் இருக்கும், சாமான் மாட்டும் டி-ரிங்குகள், கைகளை மடித்துக் கட்டைவிரலை நேராக நீட்டினால் படும் இடத்தில். இடது இடுப்பில் ஒரு ரிங். இதற்கு மேல் ரிங் வேண்டாம்.

இந்த அளவெல்லாம் வீட்டு ஹாலில் ஒருமுறை, நீச்சல் குளத்தில் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். வீட்டில் சூட்டைப் போட்டுக்கொண்டு பாருங்கள். பட்டையின் நுனியை வெட்ட அவசரப்படாதீர்கள். சில டைவ் போன பிறகு வெட்டி, நெருப்பில் காட்டி உருக்கிக்கொள்ளலாம்.

மேற்பரப்பில் மிதக்கும்போது விங் முகத்தைத் தண்ணீருக்குள் தள்ளும் என்று ஒரு பயம் இருக்கிறது. விங்கை நிறைய ஊதி, நிமிர்ந்து நிற்க முயன்றால் தள்ளத்தான் செய்யும். பாதி அளவு காற்று வைத்து, நாற்காலியில் சாய்கிற மாதிரி பின்னால் சாய்ந்தால் அலுங்காமல் கிடக்கலாம். காலிடுக்குப் பட்டை இல்லாமல் போட்டவர்களுக்குத்தான் இந்தத் தொந்தரவு கூடுதல். நீச்சலே சரியாக வராத புது ஆட்களுக்கு ஜாக்கெட்டின் நிமிர்ந்த மிதப்பு தைரியம் தரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வருடத்துக்கு ஒரே ஒரு முறை, இரண்டு டைவ் என்று போகிறவர் இதையெல்லாம் வாங்கத் தேவையில்லை. முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க், சொந்தக் கம்ப்யூட்டர், ஃபின் இவை மூன்றும் முதலில். அதற்கடுத்த செலவுதான் இது.

வாங்கியவர்களுக்குக் கழுவும் விஷயம். பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கமெல்லாம் போர்வெல்லில் வருவது உப்புத்தண்ணி. கடல் உப்பைக் கழுவ அதுவும் உதவும். ஆனால் காய்ந்தபின் இன்ஃப்ளேட்டர் பட்டனிலும் வால்வ் விளிம்பிலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும், பட்டன் ஒட்டிக்கொள்ளும். காற்று தானாக உள்ளே போகும் கோளாறு அப்படியும் வரலாம். வெளியே கழுவுவதை எதில் வேண்டுமானாலும் செய்யுங்கள், கடைசி அலசலும் விங்கின் உள்பக்கமும் நல்லதண்ணியில்: சிறுவாணியோ, மழைநீரோ. உள்ளே ஒரு சொம்புத் தண்ணீர் விட்டு, காற்றடைத்து, குலுக்கி, வால்வ் வழியாக வடித்துவிட்டு, பாதிக் காற்றோடு நிழலில் தொங்கவிடுங்கள். தகரக் கூரை அறையில் சித்திரை வெயிலுக்கு வைக்க வேண்டாம், யூரித்தேன் வீணாகிவிடும்.

முதல் டைவில் பழைய ஈயக் கணக்கைச் சொல்லிவிடாதீர்கள். அலுமினியம் பிளேட்டில், ஜாக்கெட்டில் கட்டியதைவிட ஒன்றரை கிலோ வரைக்கும் குறையலாம் என்று டைவ் மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லி, முதல் டைவுக்கு ஒரு கிலோ கூடவே வைத்துக்கொள்ளுங்கள். டைவ் முடிவில் 50 பார் இருக்கும்போது 5 மீட்டரில் நின்று விங்கை முழுசாகக் காலி செய்யுங்கள். தாழ்ந்தால் அடுத்த டைவில் அரை கிலோவாகக் குறைத்து வாருங்கள். மூச்சை இழுத்தால் மெல்ல ஏறி, விட்டால் மெல்ல இறங்கி அதே இடத்தில் நிற்கும்போது உங்கள் எடை சரி. அந்த எண்ணை லாக் புத்தகத்தில் எந்தச் சூட், எந்தச் சிலிண்டர், எந்தப் பிளேட் என்பதோடு சேர்த்து எழுதி வையுங்கள். சூட்டோ சிலிண்டரோ மாறினால் மறுபடி பார்க்க வேண்டும்.